மூன்றாம் கூண்டு

பெண் எலிகளைக் காணவில்லை.

பதினான்கு பக்கக் கட்டுரை. அவன் இரண்டு முறை புரட்டினான். செய்முறைப் பகுதியில் இல்லை. அட்டவணையில் இல்லை. போன வாரம்வரை நான்காம் பக்கத்துப் படத்தில் சிவப்புக் கோடாக ஏறிக்கொண்டிருந்தவை, அங்கேயும் இல்லை. இருபத்து நான்கு எலிகள், ஒரு வால்கூட மிச்சம் வைக்காமல் போய்விட்டன.

"பெண் எலி டேட்டா எங்க சார்?"

துறைத் தலைவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தூக்கிட்டேன்."

"ஏன் சார்?"

"சிதறிக் கிடக்கு. ஒண்ணு மேல போகுது, ஒண்ணு இருந்த இடத்துலயே நிக்குது. பொண்ணுங்களை வச்சு ஆராய்ச்சி பண்ணா இதான் தலைவலி. நாலு நாளைக்கு ஒரு சுழற்சி, வேளைக்கு ஒரு ஹார்மோன்." தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். "ஆணுங்களைப் பாரு. நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. அது போதும். வெள்ளிக்கிழமை அனுப்பணும். கையெழுத்துப் படிவம் பின்னாடி இருக்கு, போட்டுக் கொடுத்துடு."

அவன் கடைசிப் பக்கத்துக்குப் போனான். ஆசிரியர் பெயர்கள் மூன்று. தலைவர், ஆண் எலிகளை முன்பு ஆராய்ந்துவிட்டு வேறு ஊருக்குப் போன பழைய மாணவர், நொதியை அளந்த அவன். நான்காவதாக இருக்க வேண்டிய பெயர், முதலாவதாக இருந்திருக்க வேண்டிய பெயர், கீழே பொடி எழுத்தில் நன்றி வரியில் கிடந்தது. எலித் தீனி வழங்கிய கடைக்காரருக்கும் குளிர்சாதனம் பழுது பார்த்தவருக்கும் நடுவில்.

"அவ பேரு..."

"அவ செஞ்சது பெண் எலி பாதி. அந்தப் பாதி இல்லேன்னா பேரு எப்படிப் போட முடியும்? நன்றி சொல்லியிருக்கேன் பாரு. 'மறைந்த'னு சேர்த்திருக்கேன்."

அவன் படிவத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஏழு மாதமாக அவனுக்கு எதுவும் உறைத்ததில்லை. சாப்பாடு, மழை, அடுத்தவர் அனுதாபம், எதுவும். இது உறைத்தது. காது மடல்வரை சூடாகிவிட்டது. படி இறங்கும்போதுதான் கையைப் பார்த்தான். கட்டுரை கசங்கிக் கயிறாகியிருந்தது.

அவள் அவன் மனைவி. ஏழு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில், மூளையில் ஒரு ரத்தக்குழாய். நாற்பது நிமிடம். அவ்வளவுதான்.

*

வீட்டில் மாமனார் இருந்தார். மகள் இறந்த வாரம் ஒரு பையோடு வந்தவர் திரும்பிப் போகவில்லை; அவனும் போகச் சொல்லவில்லை. இரண்டு அறை வீட்டில் இரண்டு ஆண்கள், ஒரு பால் பாக்கெட், ஆளுக்கு இரண்டு முட்டை. அவள் செருப்பு கதவுக்குப் பின்னால் இருந்தது. இருவரும் அதைச் சுற்றிப் பெருக்குவார்கள்.

மாமனார் முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைக்கூடப் பிழை பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். மாதத்துக்கு இரண்டு முறையாவது கேட்பார்: "மாப்பிள்ளை, புள்ள பேரு எப்ப அச்சுல வருது?"

அன்று கசங்கிய தாளை மேசையில் நீவி விரித்து, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எலிக்கு என்ன ஆச்சு?"

"ரெண்டு நாள் தண்ணி இல்ல மாமா. தண்ணி இல்லேன்னா உடம்பு ஒரு ஹார்மோனை அனுப்பும். அது போய் சிறுநீரகத்துகிட்ட, ஒரு சொட்டையும் வெளியே விடாதேன்னு சொல்லும்."

"சரி. காவல்காரன்."

"அந்தக் காவல்காரனை வெட்டிப் போடறதுக்கு ரத்தத்துல ஒரு நொதி இருக்கு. இல்லேன்னா அவன் பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருப்பான். தாகம் எடுக்கும்போது இந்த நொதி என்ன ஆகுதுங்கறதுதான் கேள்வி. ஆண் எலில அது குறைஞ்சுது. காவல்காரனை வெட்டாம விட்டு வைக்குது."

"நியாயம்தானே. தண்ணி மிச்சம் பண்ணணும்ல."

"எல்லாரும் அங்கேயே நிறுத்திட்டாங்க. அவதான், பொண்ணுக்கும் அப்படித்தானான்னு கேட்டா. ஒன்றரை வருஷம் அதுக்காக நின்னா. பெண் எலில குறையல மாமா. ஏறுச்சு. பாதிக்கு மேற்பட்ட எலில ஏறுச்சு, மீதில அப்படியே நின்னுச்சு. அதனால குப்பைன்னு சொல்லித் தூக்கிட்டார்."

மாமனார் பேனா நுனியால் வரிவரியாகப் போனார். நன்றி வரியில் பேனா நின்றது. திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

"தலைப்புல 'எலிகளில்'னு போட்டிருக்கு. ஆண் எலி மட்டும்தானே இப்ப?"

"ஆமா."

"அப்ப 'ஆண்'ங்கற சொல் விட்டுப்போச்சு." பேனா மூடியைக் கழற்றினார்.

"விட்டுப்போகல மாமா. வேணும்னே விட்டது. 'எலிகள்'னு இருந்தா எல்லா எலிக்கும் பொருந்தும்ல. எட்டாம் பக்கத்துல ஒரே ஒரு இடத்துல 'ஆண்'னு இருக்கு, தேடினாத்தான் தெரியும்."

மாமனார் கொஞ்ச நேரம் அந்தத் தலைப்பையே பார்த்தார். பேனாவை மூடினார்.

"வேணும்னே விட்டதுக்கு என்கிட்ட குறி இல்லையே மாப்பிள்ளை," என்றார். "முப்பத்தொரு வருஷத்துல யாரும் சொல்லித் தரல."

எழுந்துபோய்த் தட்டைக் கழுவினார். ஒரு தட்டு. அதை நெடுநேரம் கழுவினார்.

*

அவள் எடைப் பதிவேடு விலங்குக் கூடத்தில் இருந்தது. ஏழு மாதமாக அவன் அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை. மறுநாள் காலை போனான்.

விலங்குக் கூடத்துக்கு ஒரு காவலர். எல்லாரும் எலியண்ணன் என்பார்கள். முழங்கால்வரை ரப்பர் காலணி, தோளில் தண்ணீர்க் குழாய், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். ஆண் எலிகளுக்கு ரவுடிப் பசங்க என்று பெயர் வைத்திருந்தார், பெண் எலிகளுக்கு மகாராணிங்க. ரவுடிகள் கடிக்கும், மகாராணிகள் முதலில் மோந்து பார்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் கடிக்கும்.

"வாங்க தம்பி. எவ்வளவு நாளாச்சு. மகாராணிங்க உங்களை விசாரிச்சாங்க."

அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தான். பிளாஸ்டிக் உறை. உள்ளே அவள் எழுத்து, ஏழுக்குக் குறுக்கே கோடு போடும் அந்த எழுத்து. பக்கத்துக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு நான்கு எலி, முதல் நாள் எடை, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து எடை.

தண்ணீர் நிறுத்திய பெண் எலிகள் பன்னிரண்டு. முதல் கூண்டு: இருநூற்று நாற்பது கிராம், இருநூற்றுப் பதினொன்று. இருநூற்று முப்பத்தாறு, இருநூற்று ஏழு. இரண்டாம் கூண்டும் அப்படித்தான். மூன்றாம் கூண்டு: இருநூற்று முப்பத்தெட்டு, இருநூற்று முப்பத்துமூன்று. இருநூற்று நாற்பத்தொன்று, இருநூற்று முப்பத்தாறு.

இரண்டு நாள் தண்ணீரே குடிக்காத எலி ஐந்து கிராம் குறையுமா?

நான்கு வரியையும் சேர்த்து அவள் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். ஓரத்தில்: தண்ணி போயிருக்கு. திரும்பச் செய்யணும். நாலு போதும்.

அவன் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினான்.

"அண்ணே. மூணாம் கூண்டுக்கு யாரு தண்ணி கொடுத்தது?"

எலியண்ணன் குழாயைத் திருகி நிறுத்தினார். கூடத்தில் எலிகள் தீனி கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பொண்ணு சொல்லாதுன்னு நெனச்சேன்."

"அவ சொல்லல. எழுதி வச்சிருக்கா."

"என் பேரு போட்டிருக்கா?"

"இல்ல."

அவர் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார். "ரெண்டாம் நாள் காலையில பாத்தேன் தம்பி. கம்பியை நக்கிக்கிட்டு இருந்துச்சுங்க. நாலும். பாட்டில் மாட்டற இடத்துல வெறும் கம்பி, அதை. என்னால முடியல. ஒரு பாட்டிலை மாட்டிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்துட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"ஆமா தம்பி."

"இரக்கம்னா பன்னெண்டுக்கும் வரணும்ல. மூணாம் கூண்டு மட்டும் என்ன உங்க சொந்தமா?"

எலியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அது கீழ்த்தட்டு. மத்த ரெண்டும் மேல. ஏணி போடணும். எனக்கு முட்டிவலி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்ததும் அது வேறாக வெளியே வந்தது. காலருகே இருந்த தட்டு மரத்தூளை ஓங்கி உதைத்தான். தூள் சுவர்வரை பறந்தது. எலிகள் ஒரே நேரத்தில் கொறிப்பதை நிறுத்தின.

"முட்டிவலி! ஒன்றரை வருஷம்! அந்தாளு அவளைக் குப்பைன்னு சொல்லித் தூக்கிப் போட்டுட்டான், உங்க முட்டிவலியால! ஏணி ஏறியிருந்தா பன்னெண்டும் கெட்டிருக்கும், அப்பவே தெரிஞ்சிருக்கும். ஏறாம விட்டிருந்தா ஒண்ணும் கெட்டிருக்காது. இரக்கத்தையும் அரைகுறையா பண்ணிட்டு வந்து நிக்கறீங்க!"

எலியண்ணன் தலையாட்டினார். "அந்தப் பொண்ணும் இதையேதான் கேட்டுச்சு. அடிக்காத குறை. 'உங்களை ரெண்டு நாள் கூண்டுல போட்டுப் பூட்டறேன், எத்தனை கிராம் குறையறீங்கன்னு பாக்கலாம்'னுச்சு. அப்புறம் இதே வாளிமேல உக்காந்துச்சு. 'என் கையும் பாட்டில்கிட்ட போச்சு அண்ணே, அதான் எடை போட்டதும் திரும்பிப் பாக்காம ஓடிடறேன்'னுச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், புது எலி வந்ததும் திரும்பச் செஞ்சுடலாம்னுச்சு. எலி வர ஒன்பது நாள் இருந்துச்சு."

ஒன்பது நாளுக்குள் என்ன ஆயிற்று என்பதை இருவரும் சொல்லவில்லை.

"என்கிட்டகூடச் சொல்லல," என்றான்.

"உங்ககிட்டதான் சொல்லவே கூடாதுன்னுச்சு. அவருக்கு அட்டவணையில ஒரு கட்டம் காலியா இருந்தாலும் தூக்கம் வராது, இதைக் கேட்டா உடனே தலைவர் அறைக்குப் போயிடுவார்னுச்சு."

அதுவும் உண்மைதான். அவன் மரத்தூளைக் கையால் கூட்டி அள்ளித் தட்டில் போட்டான். செத்தவள்மேல் கோபப்படக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, அவன் கோபப்பட்டான். அத்தனை நாள், ஒரே தலையணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, அவள் இதை விழுங்கி வைத்திருக்கிறாள்.

ஆனால் திரும்பி நடந்த பாதி வழியில் அவனுக்கு வேறொன்று நினைவு வந்தது. நின்றுவிட்டான்.

அவள் போன பிறகு உறைபெட்டியில் இருந்த ரத்தக் குழாய்களை அளந்தது அவன்தான். ஒவ்வொரு குழாயின் ஒட்டுத்தாளிலும் அவள் எலி எண்ணும் கூண்டு எண்ணும் எழுதியிருந்தாள். அட்டவணையில் 'கூண்டு' என்று ஒரு பத்தி இருந்தது. தலைவர் எட்டிப் பார்த்து, "இது எதுக்கு? பாக்கவே நெரிசலா இருக்கு" என்றார். அவன் அந்தப் பத்தியை அழித்தான். பிறகு எலிகளை எண் வரிசைப்படி அடுக்கினான். அட்டவணை பார்க்க அழகாக இருந்தது.

மேசைக்குப் போய்ப் பழைய கோப்பைத் திறந்தான். பத்தியைத் திரும்பப் போட்டான். கூண்டுவாரியாக அடுக்கினான். அரை நிமிட வேலை. எட்டு எலியில் நொதி ஏறியிருந்தது, எட்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய மாதிரி. நான்கு எலியில் ஏறவில்லை. தண்ணீர் நிறுத்தாத மற்றப் பன்னிரண்டின் அளவிலேயே நின்றன. அந்த நான்கும் மூன்றாம் கூண்டு.

சிதறவே இல்லை. சிதறடித்தது அவன்.

*

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றான்.

தலைவர் இப்போது கண்ணை எடுத்தார். "என்ன?"

அவன் பதிவேட்டை மேசையில் வைத்தான். முதல் பக்கத்தில் செய்முறை விதிகள் ஒட்டியிருந்தன. அடியில் தலைவர் கையெழுத்து. "ஆறாவது விதி சார். பத்து விழுக்காட்டுக்குக் குறைவா எடை இழந்த விலங்கு கணக்குல சேராது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. நீங்க கையெழுத்துப் போட்டது. மூணாம் கூண்டு நாலும் ரெண்டு விழுக்காடுதான் குறைஞ்சிருக்கு. அதை எடுத்துட்டுப் பாருங்க."

தலைவர் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. புருவம் ஏறியது; புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"ஏன் குறையல? யாராவது தண்ணி கொடுத்தாங்களா?"

"போயிருக்கு."

"யாரு?"

எலியண்ணன் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். அவர்மேல் அவனுக்கு இரக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் அவள் அந்தப் பெயரை எழுதவில்லை.

"விதியில எடைதான் சார் இருக்கு. ஆள் இல்ல."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "முடிவைப் பாத்துட்டு, பிடிக்காத எலியைத் தூக்கறதுன்னு சொல்லுவாங்க. கட்டுரையைச் சரிபார்க்கறவன் சிரிப்பான்."

"பிடிக்காத எலி பன்னெண்டையும் நீங்க தூக்கினீங்களே. அதுக்கு யாரும் சிரிக்கலையா?"

"குரலைத் தாழ்த்து."

"தலைப்புல 'ஆண்'ங்கறதையும் தூக்கியிருக்கீங்க. என் மாமனார் கண்டுபிடிச்சார். அவர் படிச்சது எட்டாவது."

அறைக்கு வெளியே யாரோ நடந்து போவது நின்றது. தலைவர் கதவைப் பார்த்தார்.

"உன் நிலைமை எனக்குப் புரியுது. அவ போன துக்கம்..."

"துக்கம் இல்ல சார். கோபம். ரெண்டையும் ஒரே பத்தியில போடாதீங்க."

பிறகு தலைவர் பதிவேட்டைத் தள்ளினார்.

"அனுமதிச் சீட்டுல எத்தனை பெண் எலி மிச்சம்?"

"நாலு."

"இன்னைக்கே ஆரம்பி. நீயே பண்ணு. முதல்ல ரத்தம், ரெண்டு நாள், அப்புறம் ரத்தம். ஏறினா சேர்த்துக்கலாம். ஏறலேன்னா வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டு வாயை மூடிக்கிட்டுப் போகணும். அடுத்த வருஷ ஒப்பந்தத்தைப் பத்தியும் அப்பப் பேசிக்கலாம்."

நாலு போதும் என்று அவளும்தான் எழுதியிருந்தாள். அவன் பதிவேட்டை எடுத்துக்கொண்டான்.

*

செவ்வாய் பதினொரு மணிக்கு நான்கு மகாராணிகளையும் எடை போட்டான். வால் நுனியில் சிறு குத்து, சில துளி ரத்தம், குழாயில் எண், கூண்டு எண். பாட்டிலைக் கழற்றினான். எலியண்ணன் தன் சாவியை அவன் கையில் வைத்தார்.

"ரெண்டு நாளைக்கு நீங்களே வச்சுக்குங்க தம்பி. என்னை நம்பாதீங்க. என்னையே நான் நம்பல."

"நம்பல," என்றான் அவன்.

அவள் எலிகளோடு பேசுவாள். அவன் பேசவில்லை. காலையும் மாலையும் எடை பார்த்தான், எழுதினான். புதன்கிழமை சாயங்காலம் அவை சுருண்டு படுத்திருந்தன, ரோமம் குத்திட்டு. தீனி அப்படியே இருந்தது. தாகம் வந்தால் பசி முதலில் போகும்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கை கழுவிவிட்டுக் கூண்டைத் திறந்தான். சரியாகத் துடைக்கவில்லை. ஓர் எலி வந்து அவன் சுண்டுவிரல் நுனியில் தொங்கிய சொட்டை மோந்தது. மீசை விரலில் பட்டது. வெதுவெதுப்பாக, மிகச் சின்னதாக ஒரு நாக்கு வெளியே வந்தது.

ஒரு சொட்டு. எடையில் காட்டாது. நொதியிலும் காட்டாது. யாருக்கும் தெரியாது.

அவன் கையை இழுத்துக்கொண்டான். மேலங்கியில் அழுந்தத் துடைத்தான், முன்னும் பின்னும், விரலிடுக்கு வரை. எலி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, அவன் கை இருந்த காற்றை மோந்தபடி இருந்தது. கூண்டை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான். தாழ்வாரத்தின் கோடிவரை போனபின்தான் தெரிந்தது, ஓடுகிறான் என்று.

பதினொரு மணிக்கு எடை: இருநூற்று முப்பத்தைந்து, இருநூற்று ஏழாகியிருந்தது. மற்ற மூன்றும் பத்து விழுக்காட்டைத் தாண்டியிருந்தன. ரத்தம் கெட்டியாக, கறுப்பாக, மெதுவாக வந்தது. நான்காவது குழாயை மூடுவதற்குள் எலியண்ணன் பாட்டிலோடு வந்து நின்றார். எட்டு மணியிலிருந்து வாசலில் அதைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறார்.

"மாட்டலாமா?"

"மாட்டுங்க."

மாட்டினார். பாட்டில் குழலுக்குள் இருக்கும் எஃகுக் குண்டு டிக்டிக்கென்று அடித்தது. நான்கு எலிகள், ஒரு குழல். ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறிக் குடித்தன. எலியண்ணன் இன்னொரு பாட்டிலைத் தேடி ஓடினார், முட்டிவலியையும் மறந்து.

*

அளப்பது எளிது. தட்டில் சிறுசிறு குழிகள். குழியில் ரத்தத்தின் தெளிநீர், அதன்மேல் ஒரு வேதிப்பொருள். நொதி வெட்டினால் மஞ்சள் வரும். அதிகம் வெட்டினால் அதிக மஞ்சள். கருவி எண் சொல்லும்; ஆனால் கண்ணுக்கே தெரியும்.

மேல் வரிசையில் செவ்வாய் ரத்தம், கீழ் வரிசையில் வியாழன் ரத்தம். இருபது நிமிடம் வைக்க வேண்டும். அவன் நாற்காலியில் உட்காரவில்லை.

பத்தாவது நிமிடம் மேல் வரிசை எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்தது. கீழ் வரிசை அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இருபதாவது நிமிடம் நான்கு குழிகளும் அடர்ந்த மஞ்சள். நான்கும்.

அவள் சொன்னது சரி.

யாரிடம் சொல்வது என்று ஒரு கணம் திரும்பினான். பக்கத்து நாற்காலியில் அவள் மேலங்கி இருந்த இடத்தில் வேறு யாருடையதோ குடை தொங்கியது. மிச்சமிருந்த கோபம் எல்லாம் அந்தக் குடைமேல் வந்தது. அதை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான்.

தலைவர் எண்களை இரண்டு முறை பார்த்தார். பழைய எட்டையும் புதிய நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு," என்றார், ஏதோ தான் வைத்த அடுப்பில் வெந்த மாதிரி. "இது ஆண் முடிவைவிடப் பெரிய விஷயம். சேர்த்துடு. அவ பேரை ரெண்டாவதா..."

"முதல்ல."

"செத்தவங்க பேரை முதல்ல போட்டா, கேள்வி வந்தா யாரு பதில் சொல்றது?"

"நான்."

"உன் பேரு அப்ப எங்க?"

"கடைசியில போடுங்க. இல்லேன்னா தீனிக் கடைக்காரர் பக்கத்துல போடுங்க. அங்க இப்ப ஒரு இடம் காலியாகுது."

அவன் அதற்குள் அட்டவணையைத் திறந்து 'கூண்டு' பத்தியை அதன் இடத்தில் வைத்திருந்தான். மூன்றாம் கூண்டின் நான்கு வரிகளும் அதில் இருந்தன, 'ஆறாம் விதிப்படி சேர்க்கப்படவில்லை' என்ற குறிப்போடு. அதன் கீழே இன்னொரு வரி: முந்தைய வரைவில் கூண்டு விவரத்தை நீக்கியது அளவீட்டாளரின் தவறு.

"இது எதுக்கு? பாக்கவே..."

"நெரிசலா இருக்கட்டும் சார்."

*

படிவம் இரண்டு தாள். காலமான ஆசிரியருக்குத் தனிப் படிவம்: அவர் சார்பில் கையொப்பமிடுபவர் பெயர், உறவு. அவன் அன்று மாலை வீட்டு மேசையில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எழுதினான். அவளுடையது மேலே.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். சிவப்புப் பேனா கையில். தலைப்பைப் படித்தார். 'ஆண், பெண் எலிகளில்' என்றிருந்தது. ஆசிரியர் வரிசையைப் படித்தார். முதல் பெயரை எழுத்து எழுத்தாக, பேனா நுனியைக் காகிதத்தில் படாமல் மேலே நகர்த்திப் படித்தார். ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

"பிழை இருக்கா மாமா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன், இருங்க."

மூன்றாவது முறையும் பார்த்தார். பிறகு படிவத்தை இழுத்துப் பார்த்தார். "உறவுன்னு கேட்ட இடத்துல 'கணவர்'னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"இல்ல... இந்த மாதிரி படிவத்துல வேற ஏதாவது சொல்லணுமோன்னு..."

"வேற எதுவும் சொல்ல மாட்டேன் மாமா."

குரல் அறைக்கு அதிகமாக இருந்தது. மாமனார் அவனைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"திருத்தறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார்.

அவன் மேல் தாளை எடுத்தான். பேனாவை அவ்வளவு அழுத்தியிருக்கிறான்; கீழே இருந்த அவன் படிவத்திலும் அவள் பெயர் பள்ளமாக விழுந்திருந்தது. மை இல்லாமல். விரலை வைத்தால் தெரிந்தது.

அதன்மேலேயே கையெழுத்துப் போட்டான்.